ஒரு மொழி ஈன்ற நாடு: 1971 டிசம்பர்த் திங்கள்



இலக்கிய அவையில் உலக நிகழ்ச்சிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கருதக்கூடும். அவர்களுக்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. வாழ்க்கையை அகம் என்றும் புறம் என்றும் பகுத்த அப்பேரறிஞர், வெட்சி தொடங்கிப் பாடாண் ஈறாகப் புறத்திணை ஏழினை வகுத்தார். ஆநிரை கவர்தல், மண்ணாசையாற் படையெடுத்தல், மதில் வளைத்தல், நேர்நின்று பொருதல், வெற்றி என வளர்ந்து செல்லும் அந்த வரிசையில், வாகையை அடுத்துக் காஞ்சி நிற்கிறது. வெற்றியைக் கூறிய உடனே நிலையாமையைக் கூறுவது தமிழ் மரபு. இம்மரபில் வந்தோர் உலக நடப்பைக் காணும்போது, வென்றவர் யார் என்பதோடு நிறைவு கொள்ளாமல், வெற்றிக்குப் பின் எஞ்சியது யாது என்பதையும் வினவுவர். அவ்வினாவை எழுப்புவதற்குரிய ஒரு திங்கள் 1971ஆம் ஆண்டின் டிசம்பர்.

திங்களின் பொதுத் தோற்றம்

அத்திங்களில் நிகழ்ந்தவற்றை நாள்வரிசையில் நோக்கினால் வியப்பே மிகும். டிசம்பர் 2ஆம் நாள் பாரசீக வளைகுடாவில் ஆறு சிற்றரசுகள் கூடி ஐக்கிய அரபு அமீரகம் என்னும் நாட்டை அமைத்தன. பிரித்தானியர் அப்பகுதியை விட்டு நீங்கிய வேளையில் பேச்சுவார்த்தையால் பிறந்த அரசு அது. ஏழாவதாக ராசல் கைமா அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இணைந்தது. பிற்காலத்தில் தமிழர் பலருக்கும் பிழைப்பிடமான மண் அது.

அதே நாளில், சோவியத்து நாடு அனுப்பிய மார்சு-3 என்னும் விண்கலத்தின் இறங்குகலம் செவ்வாய்க் கோளில் நொறுங்காமல் இறங்கியது. மனிதர் படைத்த கருவி ஒன்று அக்கோளில் மெல்ல இறங்கியது அதுவே முதன்முறை. ஆயின் ஏறத்தாழ இருபது நொடிகளே அது செய்தி அனுப்பிற்று, பின்னர் ஓய்ந்துவிட்டது. அவ்வேளையில் அமெரிக்காவின் மாரினர்-9 கலமும் செவ்வாயைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கோள் முழுவதையும் மூடிய புழுதிப் புயல் அடங்கட்டும் என அது காத்திருந்தது.

டிசம்பர் 10ஆம் நாள் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா ஸ்டாக்ஹோமில் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் ஆஸ்லோவில் அமைதிப் பரிசைப் பெற்றார். அதற்கு ஓராண்டு முன்னர், வார்சா நகரில் யூதர் நினைவுச் சின்னத்தின் முன்னே அவர் மண்டியிட்டதை உலகம் கண்டிருந்தது. டிசம்பர் 18ஆம் நாள் வாஷிங்டனில் பத்து நாடுகள் கூடி நாணய மாற்று வீதங்களைத் திருத்தின. ஓர் அவுன்சு தங்கத்தின் விலை 35 டாலரிலிருந்து 38 டாலராயிற்று. அவ்வேற்பாடு பதினைந்து திங்களுக்குள் குலைந்தது. டிசம்பர் 22ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொது அவை, ஊ தாண்ட் அவர்களுக்குப் பின் கர்ட் வால்டைம் பொதுச் செயலாளராவார் என முடிவு செய்தது. இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது.

இவை யாவும் குறிப்பிடத்தக்கனவே. ஆயினும் இவற்றின் நடுவே, வங்காள விரிகுடாவின் தலைமாட்டில் நிகழ்ந்த ஒன்று, மொழியால் வாழ்வோர் அனைவரும் மறவாது போற்றவேண்டியது.

ஒரு திடலின் கதை

டாக்கா நகரில் ரம்னா குதிரைப் பந்தயத் திடல் என்று ஒன்று இருந்தது. இன்று அது சுராவர்தி பூங்காவாக விளங்குகிறது. அத்திடல் கண்ட மூன்று நாள்களை அறிந்தால் வங்கதேசத்தின் வரலாறு விளங்கும்.

முதல் நாள் 1948 மார்ச்சு 21. பாகிஸ்தான் பிறந்து ஓராண்டும் நிறையவில்லை. புதிய நாட்டின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வங்கமொழி பேசுவோர். அவ்வாண்டு பிப்ரவரியில் கராச்சியில் கூடிய அரசியல் நிர்ணய அவையில், உருதுவுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒப்ப வங்கமொழிக்கும் இடம் வேண்டும் என்று தீரேந்திரநாத் தத்தர் என்னும் உறுப்பினர் திருத்தம் கொணர்ந்தார், அது தோற்றது. அடுத்த திங்கள் டாக்காவுக்கு வந்த முகம்மது அலி ஜின்னா, அத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன், உருது ஒன்றே அரசமொழியாகும் என அறிவித்தார். தம் மொழி புரியாத தலைவர், தமக்குப் புரியாத மொழியே இனி அரசமொழி என்று கூறக் கேட்டனர் மக்கள்.

அவ்வறிவிப்பின் விளைவு 1952 பிப்ரவரி 21ஆம் நாள் டாக்கா வீதிகளில் தெரிந்தது. தடையை மீறித் திரண்ட மாணவர்மீது காவலர் சுட்டனர். பரகத்து, ரபீக்கு, ஜப்பார், சலாம் முதலானோர் மாண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இன் அரசியல் சட்டம் வங்கமொழியையும் அரசமொழியாக ஏற்றது. ஆனால் ஆட்சியாளரின் ஐயம் தீர்ந்தபாடில்லை. 1967இல் தாகூரின் பாடல்களை வானொலியில் குறைக்கப்போவதாக நடுவணமைச்சர் அறிவித்தார். ஒரு பாட்டுக்கு அஞ்சும் அரசு தன் குடிகளுக்கும் அஞ்சுகிறது என்பது வெளிப்படை.

இரண்டாம் நாள் 1971 மார்ச்சு 7. அதற்கு முன்னர் இரு பெரும் நிகழ்ச்சிகள் நேர்ந்திருந்தன. 1970 நவம்பரில் வீசிய பெரும்புயலில் கிழக்கு வங்கத்தின் கரையோரத்தில் மூன்று இலட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர் என்பது கணிப்பு. துயர் துடைப்பதில் அரசு காட்டிய மந்தம் மக்கள் நெஞ்சைச் சுட்டது. அடுத்த திங்களில் நடந்த பொதுத் தேர்தலில் கிழக்கு வங்கத்தின் 162 பொது இடங்களுள் 160ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. நாடு முழுமைக்கும் அதுவே பெரும்பான்மை. ஆயினும் படைத் தலைவர் யாகியா கான் அவையைக் கூட்டாமல் தள்ளிப்போட்டார். அந்நிலையில் அத்திடலில் பேசிய முஜிபுர் ரகுமான், இப்போராட்டம் விடுதலைப் போராட்டம் என்று வங்கமொழியில் முழங்கினார். அவ்வுரையை யுனெஸ்கோ நிறுவனம் 2017இல் உலக ஆவண நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பதினெட்டு நாள் கழித்து, மார்ச்சு 25 நள்ளிரவில் பாகிஸ்தான் படை டாக்காவின்மீது பாய்ந்தது. பல்கலைக்கழக விடுதிகளும் ஆசிரியர் குடியிருப்புகளும் அதன் முதல் இலக்குகளுள் அடங்கின. 1948இல் வங்கமொழிக்காக முதற்குரல் கொடுத்த தீரேந்திரநாத் தத்தர், முதிர்ந்த வயதில் குமில்லாவில் தம் மகனோடு பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்திய எல்லைக்குள் அகதிகளாக வந்தனர்.

மூன்றாம் நாள் 1971 டிசம்பர் 16.

பதின்மூன்று நாள் போர்

டிசம்பர் 3ஆம் நாள் மாலை பாகிஸ்தான் வானூர்திகள் மேற்கிந்தியாவின் வானூர்தித் தளங்களைத் தாக்கின. அன்று கொல்கத்தாவில் இருந்த தலைமை அமைச்சர் இந்திரா காந்தி தில்லி திரும்பி, நள்ளிரவுக்குப் பின் வானொலியில் நாட்டு மக்களுக்குப் போர்ச் செய்தியை அறிவித்தார். டிசம்பர் 6ஆம் நாள் இந்தியாவும் பூட்டானும் வங்கதேசத்தைத் தனிநாடாக ஏற்றன.

களத்தில் ஒரு போர் நடந்தது. நியூயார்க்கில் வேறொரு போர் நடந்தது. பாதுகாப்பு அவையில் போர் நிறுத்தம் கோரிய தீர்மானங்களைச் சோவியத்து நாடு மும்முறை தன் தடுப்பாணையால் வீழ்த்தியது. டிசம்பர் 7ஆம் நாள் பொது அவையில், உடனே போர் நிறுத்திப் படைகளை மீட்கவேண்டும் என்னும் தீர்மானத்துக்கு 104 நாடுகள் ஆதரவளித்தன. 11 நாடுகள் எதிர்த்தன. 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. மார்ச்சு முதல் நவம்பர் வரை வாய் திறவாத பல நாடுகள், டிசம்பரில் அமைதியின் பெயரால் கை உயர்த்தின. எல்லைகள் மாறலாகா என்னும் கவலை அவர்களுக்கு இருந்தது. எல்லைக்குள் மடிந்தோரைப் பற்றிய கவலை அவ்வளவாக இல்லை.

அமெரிக்காவின் நிலைக்குத் தனிக் காரணம் உண்டு. சீனாவோடு உறவு கொள்ள விரும்பிய நிக்சனுக்குப் பாலமாக அமைந்தவர் யாகியா கான். 1971 ஜூலையில் கிசிங்கர் பீகிங்குக்கு மறைவாகச் சென்றது பாகிஸ்தானிலிருந்துதான். டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராயிருந்த ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய துணை அலுவலர்களும், படுகொலையைக் கண்டும் தம் அரசு வாளாவிருப்பதைக் கண்டித்து ஏப்ரலிலேயே தந்தி அனுப்பினர். அதன் பயனாகப் பிளட் அப்பதவியிலிருந்து அகற்றப்பட்டார். டிசம்பரில், அணு ஆற்றலால் இயங்கும் என்டர்பிரைசு என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி விரைந்தது. அது வந்து சேர்ந்தபோது போர் முடிவை எட்டிவிட்டது.

டிசம்பர் 16 மாலை, ரம்னா திடலில் ஒரு மேசை இடப்பட்டது. பாகிஸ்தான் கீழைப்படைத் தலைவர் நியாசி, இந்தியக் கீழைப்படைத் தலைவர் ஜகஜித் சிங் அரோராவின் முன்னே சரணடைவு ஆவணத்தில் கையொப்பமிட்டார். ஏறத்தாழ 93,000 பேர் போர்க் கைதிகளாயினர். உருது ஒன்றே என்னும் சொல் விழுந்த அதே மண்ணில், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த அதிகாரம் தன் படைக்கலத்தைக் கீழே வைத்தது.

டிசம்பர் 14

வரலாற்று நூல்கள் பலவும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. காஞ்சித் திணையின் குரல் ஒலிக்கத் தொடங்குவதோ இவ்விடத்தில்தான்.

நெட்டிமையார் பாடிய புறப்பாட்டில் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறம் புகழப்படுகிறது. அம்பு விடுவதற்கு முன், தீங்கு பெறத் தகாதோரை அகன்று போகுமாறு அறிவித்துவிட்டே அவன் போர் தொடங்குவானாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்ட நெறி அது. டாக்காவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. தீங்கு பெறத் தகாதோரின் பெயர்கள் பட்டியலிடப்பட்டுத் தேடப்பட்டன.

தோல்வி உறுதி என்று தெரிந்த அந்நாள்களில், பாகிஸ்தான் படைக்குத் துணையாயிருந்த அல்-பதர் என்னும் குழுவினர், ஊரடங்கு நிலவிய டாக்காவில் வீடு வீடாகச் சென்றனர். பேராசிரியர், எழுத்தாளர், இதழாளர், மருத்துவர் எனத் தேர்ந்தெடுத்துக் கண்களைக் கட்டிக் கொண்டுசென்றனர். நெருடா பரிசு பெற்ற அதே டிசம்பர் 10ஆம் நாள், இத்திபாக் நாளிதழின் சிராஜுதீன் உசேன் கொண்டுசெல்லப்பட்டார். ஒரு நகரில் சொல்லுக்கு மாலை சூட்டப்பட்டது. மற்றொரு நகரில் சொல்லின் கைகள் பின்கட்டாகக் கட்டப்பட்டன.

டிசம்பர் 14ஆம் நாள் டாக்கா பல்கலைக்கழகத்தின் வங்கமொழித் துறை ஒரே நாளில் மூன்று ஆசிரியர்களை இழந்தது. முனீர் சௌத்ரி, மொபசல் ஐதர் சௌத்ரி, அன்வர் பாஷா என்போர் அவர்கள்.

முனீர் சௌத்ரி முதலில் ஆங்கில ஆசிரியர். 1952இன் துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்தமைக்காகச் சிறைப்பட்டார். சிறையிலிருந்தபடியே வங்கமொழியில் முதுகலைத் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். 1953இல் அவர் சிறையில் எழுதிய நாடகம் ‘கபர்’, அதாவது கல்லறை. மொழிக்காக மாண்டோரின் உடல்களை இரவோடிரவாகப் புதைக்க முற்படுகின்றனர். மாண்டோரோ குழிக்குள் இறங்க மறுக்கின்றனர் என்பது அதன் கரு. அவ்வாண்டு பிப்ரவரி 21இல், டாக்கா நடுவண் சிறையில் அரிக்கேன் விளக்கொளியில் கைதிகளே அதனை நடித்தனர். பின்னாளில் வங்க எழுத்துக்கு ஏற்ற தட்டச்சு விசைப்பலகையையும் அவர் வகுத்தார். நாடகமும் மொழியியலும் தட்டச்சும் அவருக்கு ஒரே தொண்டின் கூறுகள். கொண்டுசெல்லப்பட்ட அவருடைய உடல் இன்னதென்று அடையாளம் காணப்படவே இல்லை. புதைகுழியை மறுத்த மாந்தரைப் படைத்தவருக்குக் கல்லறையே வாய்க்கவில்லை.

மொபசல் ஐதர் சௌத்ரி சாந்திநிகேதனில் பயின்றவர். தாகூர் ஆய்வில் தோய்ந்தவர். அன்வர் பாஷா கவிஞர், நாவலாசிரியர். மார்ச்சுப் படுகொலைக்குப் பின், ஏப்ரல் முதல் ஜூன் வரை, படைகள் சூழ்ந்த டாக்காவிலேயே அவர் ‘ரைபிள், ரொட்டி, அவுரத்’ என்னும் நாவலை எழுதி முடித்தார். குடும்பத்தோடு ஒளிந்து திரியும் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் கதை அது. விடுதலைக்குப் பின்னரே நூலாக வெளிவந்தது. காண அவர் இல்லை.

நாவலாசிரியரும் இதழாளருமான ஷகீதுல்லா கைசரும் டிசம்பர் 14இல் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய தம்பி, திரைப்பட இயக்குநர் ஜாகிர் ராய்கான், விடுதலை பெற்ற நாட்டில் அண்ணனைத் தேடி அலைந்தார். 1972 சனவரி 30ஆம் நாள் மீர்ப்பூர் சென்றவர் திரும்பவில்லை. செலினா பர்வீன் என்னும் பெண்மணி ‘சிலாலிபி’ என்னும் இதழை நடத்தியவர். சிலாலிபி என்றால் கல்வெட்டு என்று பொருள். அவருடைய உடல் இராயர் பசார் செங்கற்சூளைப் பகுதியில் கிடந்தது.

இரண்டு நாளில் சரணடையப்போகும் ஒரு படைக்கு ஒரு மொழியாசிரியரைக் கொல்வதால் போரில் விளையும் பயன் யாது? பயன் ஒன்றும் இல்லை. நாட்டை வைத்துக்கொள்ள முடியாது எனத் தெரிந்தபின், அந்நாட்டின் நினைவையாவது அழித்துவிட எண்ணினர். வகுப்பறையில் செய்யுள் விளக்குவோரும், இதழுக்கு மெய்ப்புத் திருத்துவோரும், அகராதி தொகுப்போரும் தம்மை ஆற்றலற்றவராக எண்ணிச் சோர்வதுண்டு. கொலைஞர் அவ்வாறு எண்ணவில்லை. மொழியாசிரியரின் ஆற்றலை அவருடைய பகைவர் சரியாகவே மதிப்பிட்டிருந்தனர்.

வாகைக்குப் பின்

போரில் மாண்டோரின் தொகையை வங்கதேச அரசு முப்பது இலட்சம் என்கிறது; அதனைக் குறைத்துக் கணிக்கும் ஆய்வாளரும் உளர். எண் எதுவாயினும் கையறுநிலை ஒன்றே. தாகூர் 1905இல் வங்கப் பிரிவினையின்போது இயற்றிய பாடலின் முதற்பகுதி 1972 சனவரியில் அந்நாட்டுப் பண்ணாயிற்று. வானொலியில் குறைக்கப்படவிருந்த கவிஞரின் பாட்டு நாட்டுப் பண்ணாக உயர்ந்தது. 1974 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொது அவையில் முஜிபுர் ரகுமான் வங்கமொழியிலேயே உரையாற்றினார். 1952இல் மாணவர் மாண்ட பிப்ரவரி 21ஐ, 1999இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. இவை வாகையின் பக்கம்.

மறுபக்கமும் உரைக்கப்படவேண்டும். 1947க்குப் பின் பீகாரிலிருந்து குடியேறிய உருது மொழியினருள் சிலர் படைக்குத் துணை நின்றனர் என்பது உண்மை. அதற்காக அவ்வினம் முழுவதும் பழிவாங்கப்பட்டது. எஞ்சியோர் டாக்காவின் முகம்மதுபூர் போன்ற இடங்களில் நெருக்கடி மிகுந்த முகாம்களில் தலைமுறை கடந்து வாழ்ந்தனர். அவர்தம் குடியுரிமையை 2008இல்தான் உயர்நீதிமன்றம் தெளிவாக உறுதி செய்தது. 1972 அக்டோபரில், நாட்டின் குடிமக்கள் யாவரும் வங்காளிகள் எனப்படுவர் என்னும் விதி அரசியல் நிர்ணய அவைக்கு வந்தது. சிட்டகாங் மலைப்பகுதியின் உறுப்பினர் மானவேந்திர நாராயண லார்மா, தம் மக்கள் வங்காளியர் அல்லர் எனக் கூறி அவையிலிருந்து வெளியேறினார். 1948இல் தத்தர் கேட்டதற்கும் 1972இல் லார்மா கேட்டதற்கும் வேறுபாடு உண்டா? தன் மொழிக்காகக் குருதி சிந்திய ஓர் இனமே, கால் நூற்றாண்டுக்குள் பிறர் மொழியின் முறையீட்டுக்குச் செவி சாய்க்க மறந்தது. மொழிப்பற்று உடையோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய இடம் இது. தன் தாயைப் போற்றுதல் என்பது அடுத்த வீட்டுத் தாயையும் மதித்தலை உள்ளடக்கியது.

நீதியும் மெல்லவே நடந்தது. 2013 நவம்பரில், அறிஞர் பதினெண்மரைக் கொன்ற குற்றத்துக்காக, வெளிநாடுகளில் வாழ்ந்த இருவருக்கு டாக்காவின் தீர்ப்பாயம், அவர்கள் அவையில் இல்லாத நிலையிலேயே தண்டனை விதித்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அத்திங்களின் இன்னொரு நிகழ்ச்சியைச் சுட்டுதல் தகும். டிசம்பர் 22ஆம் நாள் பாரிசு நகரில் மருத்துவரும் இதழாளரும் சிலர் கூடி, எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். நைஜீரியாவின் பயாபரா போரில் பணியாற்றியோரும், கிழக்கு வங்கப் புயலைக் கண்டு தொண்டுக்கு முன்வந்தோரும் அதில் ஒன்றுபட்டனர். நோயாளிக்கு மருந்தளிப்பதோடு, கண்ட கொடுமையை உலகறியச் சொல்லுதலும் மருத்துவர் கடன் என்பது அவர்கள் கொள்கை. 1999இல் அவ்வமைப்பு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. நாடுகள் வாய்மூடியிருந்த ஆண்டின் இறுதியில், வாய் திறப்பதைக் கடமையாகக் கொண்ட ஓர் அமைப்பு பிறந்தது பொருத்தமே.

டாக்காவில் ஆண்டுதோறும் டிசம்பர் 14 அறிஞர் நினைவுநாளாகவும், டிசம்பர் 16 வெற்றிநாளாகவும் போற்றப்படுகின்றன. முதலில் கையறுநிலை, அடுத்து வாகை. இழந்தோரை நினைந்த பின்னரே வெற்றியைக் கொண்டாடும் அவ்வரிசை அறம் உடையது. சொல்லைப் போற்றும் மன்றங்கள் எங்கெல்லாம் உள்ளனவோ, அங்கெல்லாம் அந்த வங்கமொழி ஆசிரியர் மூவரின் பெயர்களும் உரிமையோடு ஒலிக்கத்தக்கன. பத்தாண்டு காணும் இம்மன்றத்தின் மலரிலும் அப்பெயர்கள் இடம்பெறுவதாக.